ஐஸ் கம்பெனியில் அசையாமல் நின்ற நம்பர்

ராயபுரம்,
சனிக்கிழமை.

சேசு மரி சூசை துணை

என் தங்க மகள் சாண்ட்ராவுக்கு, அம்மா எழுதறது. அயர்லாந்து குளிர்ல நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் சளி இருமல் இல்லாம, வேளா வேளைக்கு சுடச்சுட சாப்புட்டு நல்லா இருக்கணும்னு பூசையில தினமும் கேட்டுக்கறேன். இங்க அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், இந்த வருஷம் அதுக்கே ஆண்டவருக்கு தனியா ஒரு நன்றி சொல்லணும், ஏன்னு படிக்கப் படிக்க உனக்கே தெரியும். அப்பாவுக்கு மூச்சுத் தெணறல் முன்னைக்கு இப்போ பரவாயில்ல, மணலி ஃபேக்டரிங்க பக்கமிருந்து காத்து அடிச்சா மட்டும் ஜன்னல சாத்துடின்னு கத்துவாரு. பக்கத்து வூட்டு ரூத்து லீவு முடிஞ்சு உங்க ஊருக்கே திரும்பறா, அவ கையில மெளகாத்தூளும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் குடுத்து அனுப்பறேன், ஏர்போர்ட்ல புடுங்கிக்கிட்டா அவளத் திட்டாத. அதோட இந்தக் கடிதத்தையும் குடுக்கறேன். கிறிஸ்மஸுக்கு வீடியோவுல பேசறப்போ ஏம்மா கண்ணு இப்புடி செவந்து கெடக்குதுன்னு கேட்ட, நான் மெட்ராஸ் ஐன்னு சொன்னேன். அது மெட்ராஸ் ஐ இல்ல கண்ணு. போன்ல சொன்னா நீ பாதியிலயே அழ ஆரம்பிச்சிடுவ, மீதிய கேக்க மாட்ட, அதான் உக்காந்து எழுதறேன். டூட்டி முடிஞ்சு வந்து, சாப்புட்டுட்டு, நிதானமா படி.

ஐஸ் கம்பெனி ஆபீஸ் உனக்கு ஞாபகம் இருக்கும், ஸ்கூல் விட்டு வந்து என் மேஜைக்குப் பக்கத்துலதான் ஹோம்வொர்க் எழுதுவ. அந்த ரூமு அப்புடியேதான் இருக்கு. மேஜை மேல ஒரே ஒரு கம்ப்யூட்டரு. மீன் லாரிக்கும் மீன்புடி போட்டுக்கும் ஐஸ் பாருக்கு பில்லு போடறதும் அதுலதான், கம்ப்ரஸர் ரூம்ல அமோனியா எவ்ளோ கசியுதுன்னு மீட்டர் காட்டறதும் அதுலதான். மூலையில சின்னதா ஒரு பச்சக் கட்டம், அதுக்குள்ள ஒரு நம்பரு. நாலுன்னு காட்டும், அஞ்சுன்னு காட்டும், கதவத் தொறந்து மூடினா எட்டுக்குப் போய் எறங்கும், ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. இருவத்தஞ்சத் தாண்டினா கட்டம் செவப்பாயி, கூரை மேல இருக்கற சைரன் தானா அடிக்கணும். அது கையால அமுக்கி அடிக்கற சைரன் கெடயாது, கம்ப்யூட்டர் சொன்னாத்தான் அடிக்கும். இத ஞாபகத்துல வெச்சுக்கோ.

போன வருஷம் கடைசியில அந்த கம்ப்யூட்டர்ல பெருசா ஒரு அறிவிப்பு வர ஆரம்பிச்சுது. அத ஓட்டற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வயசாயிடுச்சாம், இனிமே சப்போர்ட் கெடயாதாம், பாதுகாப்பு அப்டேட் வராதாம். நான் மொதல்ல உன்கிட்டதான் போன்ல சொன்னேன், எங்க ஆஸ்பத்திரியில எல்லா மெஷினையும் மாத்திட்டாங்கம்மா, உங்க முதலாளிகிட்ட சொல்லுன்னு நீ சொன்ன. சொன்னேன். அவரு, ஓடிக்கினு இருக்கற வண்டிய எதுக்கும்மா நிறுத்தற, மூடிட்டு பில்லப் போடுன்னாரு. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கற மஹீன் தம்பியக் கூப்ட்டு காட்டினேன். அது, அக்கா இந்த மெஷினு பழசு, இதுல புது சிஸ்டம் ஏறாது, புது மெஷினுதான் வாங்கணும், ஆனா உங்க கேஸ் மீட்டர் புரோகிராமு புதுசுல ஓடுமான்னு அத செஞ்சவங்களதான் கேக்கணும்னு சொல்லிச்சு. செஞ்சவங்களுக்கு போன் போட்டா அந்த கம்பெனியே கை மாறிடுச்சு, எடுத்த பொண்ணு, மேடம் அந்த சாஃப்ட்வேருக்கு நாங்க இப்போ சப்போர்ட் பண்றதில்லன்னு ரொம்ப மரியாதையா சொல்லி வெச்சிடுச்சு. முதலாளியோட மச்சான் வந்தாரு, அதெல்லாம் கவலப்படாதீங்க, கேட்டா சிஸ்டம் கம்பெனிக்காரன் இன்னும் ஒரு வருஷத்துக்கு அப்டேட் குடுப்பான், பேர பதிஞ்சா போதும்னாரு. பதியறதுக்கு ஏற்கனவே ஒரு அக்கவுண்ட் இருக்கு, அது நம்ம பழைய மேனேஜர் பேர்ல, அவரு கொரோனாவுல செத்துப் போயிட்டாரு, பாஸ்வேர்ட யாரக் கேக்கறது. மச்சான் என்னமோ தட்டினாரு, ஆயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு. ஆச்சா ஆவலியான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா வேற பேப்பர்ல படிச்சேன்டின்னு ஒரு கதைய சொல்றாரு. இவ்ளோ பேரு பேசியும் ஒரு பேச்சு இன்னொரு பேச்சோட ஒட்டல, எனக்குத் தல சுத்திப் போச்சு.

அதுக்கப்புறம் ஒரு திங்கக்கெழம காலையில போய் பாத்தா கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆயி, தானா ஆன் ஆயி, அப்டேட் முடிஞ்சுதுன்னு சிரிச்சிக்கிட்டு நிக்குது. எல்லாருக்கும் சந்தோஷம். பாத்தியா ஐரீனு, அப்டேட் வராதுன்ன, வந்துகினே கீது பாருன்னு முதலாளி கிண்டல் பண்ணாரு. எனக்கும் நெஞ்சுல இருந்த பாரம் எறங்கின மாதிரிதான் இருந்துச்சு. கேஸ் புரோகிராமத் தொறந்தேன், தொறந்துது. பச்சக் கட்டம் வந்துச்சு, ஆறுன்னு நம்பர் வந்துச்சு. மறுநாளும் ஆறு. கதவத் தொறந்தாலும் ஆறு, சாத்தினாலும் ஆறு. முதலாளிகிட்ட போய் நம்பரு ஆடவே இல்ல சார்னு சொன்னேன், ஆடலன்னா நல்லா இருக்குன்னுதானம்மா அர்த்தம்னாரு. மஹீனுக்கு போன் போட்டேன், அந்தத் தம்பிக்கு குரலே மாறிப் போச்சு. அக்கா, அப்டேட் ஆனதுல மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல தொடர்பு அறுந்திருக்கும், அது பழைய நம்பரையே புடிச்சிக்கினு நிக்குதுன்னு நெனைக்கறேன், நான் வந்து பாக்கற வரைக்கும் அத நம்பாதீங்கன்னு சொல்லிச்சு. சொன்ன மாதிரியே வந்துச்சு, கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. வந்தா புதுசு வாங்கு புதுசு வாங்குன்னு பேஜாரு பண்ணுவான், சீசன் முடியட்டும் பாக்கலாம்னு முதலாளி உத்தரவு.

கம்ப்ரஸர் ரூம்ல யாருன்னு உனக்குத் தெரியும், உன் ஞானஸ்நானத்துல உன்னத் தூக்கி நின்ன ஞானத்தகப்பன் நெல்சன் மாமாதான். நான் நேரா அவருகிட்ட போய், அண்ணே, அந்த நம்பர நம்பிக்கினு உள்ள இருக்காதீங்கன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. இத்தினி வருஷமா எந்த நம்பரப் பாத்தும்மா நான் வேல செய்யறேன், என் மூக்குதான் மீட்டருன்னாரு. அந்த வாடையிலயே கெடக்கறவங்களுக்கு மூக்கு மரத்துப் போயிடும்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி, ஒரு மத்தியானம். சாப்புட்டு முடிச்சு டிபன் பாக்ஸக் கழுவிட்டு வந்து உக்காந்தேன். அன்னைக்கு காத்தே இல்ல, கடலு தட்டு மாதிரி கெடந்துச்சு. மீன் விக்கற கன்னியம்மா கேட்டுக்கு வெளிய அன்னக்கூடையில ஐஸ வாரிக்கிட்டு இருந்தவ திடீர்னு, ஏய் ஐரீனு, உங்க கம்பெனி இன்னாமோ கக்குதுடி, கண்ணு எரியுதுன்னு கத்தறா. சாண்ட்ரா, அப்போ நான் என்ன செஞ்சேன் தெரியுமா, கம்ப்யூட்டரத் திரும்பிப் பாத்தேன். பச்சக் கட்டம், ஆறு. என் கண்ணுலருந்து தண்ணி தாரத்தாரையா ஊத்துது, தொண்டைய யாரோ நூலு கட்டி இழுக்கற மாதிரி இருக்கு, அப்பவும் நான் அந்த ஆறையே பாத்துக்கிட்டு நிக்கறேன். கசிஞ்சிருந்தா காட்டியிருக்குமே, காட்டலியேன்னு மனசு சொல்லுது. அது பொய்யி, நம்பாதன்னு மஹீன் சொல்லியும், நானே நாலு பேர்கிட்ட சொல்லியும், அந்த நேரத்துல என் கண்ண நான் நம்பல, அதத்தான் நம்பினேன். எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியாது. கன்னியம்மா திரும்பக் கத்தின கத்துலதான் கால் நகந்துச்சு.

முந்தானைய நனைச்சு மூஞ்சில கட்டிக்கிட்டு, ஓடுங்க ஓடுங்கன்னு கத்திக்கிட்டே ஐஸ் ஒடைக்கற பசங்களயெல்லாம் வெளிய தள்ளினேன். சைரன் அடிக்கல, அதனால பின்பக்கம் இருந்தவங்களுக்கு ஒன்னும் தெரியல, சிரிச்சிப் பேசிக்கிட்டு நிக்கறாங்க. நெல்சன் அண்ணன் வரல. கம்ப்ரஸர் ரூம் கதவுகிட்ட போக முடியல, வெள்ளையா பொகை மாதிரி தரையோட தவழ்ந்து வருது. அவரு வெளிய ஓடி வந்திருக்கலாம் கண்ணு. ஓடி வராம உள்ள தடவித் தடவிப் போய் பெரிய வால்வ மூடிட்டுத்தான் வந்தாரு, நடந்து வரல, முட்டி போட்டு தவழ்ந்து வந்தாரு. கன்னியம்மா மீன் அலசி வெச்சிருந்த அன்னக்கூடைத் தண்ணிய அப்புடியே தூக்கி அவரு மூஞ்சில ஊத்தினா, செதிலு ரத்தம் எல்லாத்தோடயும். அதத் தவிர பக்கத்துல வேற தண்ணியில்ல. நீ படிச்ச ஸ்கூலு ரெண்டு தெரு தள்ளிதான, அங்க சிஸ்டருங்க புள்ளைங்க மூஞ்சில ஈரத்துணிய கட்டி கடற்கரை ரோட்டுக்கு இழுத்துக்கிட்டு ஓடியிருக்காங்க. காத்து இருந்திருந்தா எந்தப் பக்கம் போயிருக்கும்னு யாருக்குத் தெரியும். வால்வு மூடாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே இல்ல, நெனைக்கவும் மாட்டேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில நெல்சன் அண்ணனப் படுக்க வெச்சிருந்தாங்க. எனக்குக் கண்ணுல மருந்து ஊத்தி அனுப்பிட்டாங்க, அதான் நீ பாத்த செவப்பு. அவருக்கு ஒரு கண்ணு தேறிடுச்சு, இன்னொன்னு பாலு ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு, அதுல வெளிச்சம் தெரியுதாம், ஆளு தெரியல. பேசினா மூச்சு விசில் மாதிரி வருது. நீ நர்ஸு, இது என்னன்னு உனக்கு என்னவிட நல்லாத் தெரியும், அவருக்கு போன் பண்ணு, ஆனா ஆறுதல் சொல்லி அழுதுடாத, அவருக்குப் புடிக்காது. மண்டைக்காட்டுல உனக்கு மொட்ட போட்ட கதைய... அது மண்டைக்காடு இல்ல, வேளாங்கண்ணி, பாரு எழுதறதே கொழம்புது, அந்த மாதிரி எதையாவது பேசு.

ரெண்டு நாள் கழிச்சு முதலாளி வூட்டுக்கே வந்தாரு, ஆப்பிளு ஆரஞ்சுப் பையோட. அப்பாகிட்ட ஒடம்பு விசாரிச்சாரு. அப்புறம் என்னப் பாத்து, ஐரீனம்மா, ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு வருவாங்க, சைரன் அடிச்சுது, கம்ப்ரஸர் சத்தத்துல யாருக்கும் கேக்கல, அவ்ளோ சொன்னாப் போதும், கம்பெனி நம்ம எல்லாருக்கும் சோறு போடறதுன்னாரு. மெரட்டல கண்ணு, கெஞ்சற மாதிரிதான் சொன்னாரு, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. அவரு போனதும் அப்பா அந்தப் பழப்பைய எடுத்துக்கிட்டுப் போய் கோயில் வாசல்ல உக்காந்திருக்கறவங்களுக்குக் குடுத்துட்டு வந்தாரு. வந்து, உனக்கு என்ன தோணுதோ சொல்லுடி, என்னக் கேக்காதன்னாரு. நான் ஒரு வாரம் சரியா சாப்புடல.

இன்ஸ்பெக்டரு ஒரு அம்மா, உன் வயசுதான் இருக்கும். முதலாளி, மச்சான் எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. சைரன் அடிச்சுதான்னு கேட்டாங்க. அடிக்கலன்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல என்ன காட்டுச்சுன்னாங்க. ஆறுன்னேன், அப்டேட் ஆன நாள்லருந்து ஆறுதான்னேன். அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். யாருகிட்ட சொன்னீங்கன்னாங்க. முதலாளி தரையப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. அவரு பேர சொன்னேன். இருவது வருஷத்துக்கு மேல அவரு உப்பத் தின்னவ நான். வெளிய வந்து குழாயடியில வாந்தி எடுத்தேன்.

கம்பெனிக்கு சீல் வெச்சாங்க. அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. சீசன் நேரம், மீனு கொட்டிக் கெடக்குது, ஐஸ் இல்ல. மத்த ஐஸ் கம்பெனிக்காரங்க கொடுத்தது பத்தல. போட்டுக்காரங்க பாதிப் பிடிப்ப கருவாட்டுக்குக் கொட்டினாங்க. நம்ம தெருவுல என்னப் பாத்தா கதவ சாத்தறாங்க. ஒரு நாள் காலையில வாசல்ல அழுகின மீன் கொடல கொட்டிட்டுப் போயிருந்தாங்க, அப்பாதான் மூச்சு வாங்க வாங்கக் கழுவி விட்டாரு. கன்னியம்மா, அன்னைக்கு என் பேரக் கூப்ட்டு காப்பாத்தினவ, மார்க்கெட்ல எல்லாரு முன்னாடியும், ஒன் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா எங்க அடுப்பு எரிஞ்சிருக்கும், இப்போ இன்னாத்த சாதிச்சன்னு கேட்டா. அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கே. ஞானம் மட்டும், நெல்சன் அண்ணன் சம்சாரம், தெனமும் வந்து என்கூட உக்காந்துட்டுப் போகும்.

இப்போ கம்பெனிய மறுபடி தொறந்துட்டாங்க. அந்தக் கம்ப்ரஸர் சத்தம் இத எழுதறப்போ ஜன்னல் வழியா லேசா வந்துக்கிட்டே இருக்கு. என்னக் கூப்புடல, கூப்ட மாட்டாங்க. ஆனா நெல்சன் அண்ணன கூப்ட்டாங்க, அவரு போயிட்டாரு. ஒத்தக் கண்ண வெச்சிக்கிட்டு ஏண்ணே அங்கயே போறீங்கன்னு கேட்டேன், வேற எந்த ரூமும்மா எனக்குத் தெரியும்னாரு. என் எடத்துல எழில்மொழின்னு வியாசர்பாடிப் பொண்ணு ஒன்னு வந்திருக்கு, இப்பதான் காலேஜ் முடிச்சிருக்கு, நல்ல சுறுசுறுப்பு. நேத்து சாயங்காலம் வேல முடிஞ்சு விசாரிச்சு விசாரிச்சு நம்ம வூட்டுக்கு வந்துச்சு. கம்ப்யூட்டர் புதுசாம், வைரிங் புதுசாம், ஆனா கேஸ் புரோகிராமு பழசாம், புது சிஸ்டத்துல அது சரியா ஓடாதுன்னு அந்தப் புது மெஷினுக்குள்ளயே பழைய சிஸ்டத்த யாரையோ வெச்சு ஏத்திக் குடுத்திருக்காங்களாம். மஹீன் தம்பிய இல்ல, வேற யாரையோ. அக்கா, அது இப்போ அப்டேட் பண்ணவா வேணாமான்னு கேக்குது, முதலாளி உன் இஷ்டம்மாங்கறாரு, அமுக்கினா மீட்டரு அறுந்துடுமா, அமுக்கலன்னா வைரஸ் வருமா, நீங்க சொல்லுங்கக்கான்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். இவ்ளோ நடந்த பொறகும் எனக்கு அதுக்கு பதில் தெரியல. மஹீன் நம்பர எழுதிக் குடுத்தேன், இன்ஸ்பெக்டரம்மா ஆபீசு எங்கன்னு சொன்னேன். கையில புடிச்சு பாக்கற மீட்டரு ஒன்னு வாங்கித் தரச் சொல்லி விடாம கேளுன்னேன். கண்ணு எரிஞ்சா கண்ண நம்பு, ஸ்கிரீன திரும்பிப் பாக்காதன்னேன். கடைசியா, அது கெளம்பறப்போ, நாற்காலிய வாசப்பக்கமா இழுத்துப் போட்டுக்கோம்மான்னு சொன்னேன். அதுக்கு மொகம் வெளுத்துப் போச்சு, சரிக்கான்னுட்டுப் போச்சு.

நீ எங்கள அங்க கூட்டிக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருக்க. அப்பா கடல் சத்தம் இல்லாத ஊருக்கு வரமாட்டேன்னு அடம் புடிக்கறாரு, நான் மெதுவா பேசிப் பாக்கறேன், ஆனா நெல்சன் அண்ணனயும் ஞானத்தையும் இங்க விட்டுட்டு வர இப்போ மனசு வரல. அந்தப் பொண்ணையும்தான், நேத்துதான் பாத்தேன், இருந்தாலும். நீ கவலப்பட்டு ராவெல்லாம் முழிக்காத. ராத்திரி டூட்டி போனா காதுல துணி கட்டிக்கோ, மாப்பிள்ளைய வேலை வேலைன்னு அலைய வுடாம ஞாயித்துக்கெழம பூசைக்கு இழுத்துக்கிட்டுப் போ. ரூத்துகிட்ட குடுத்த டப்பாவ காலியா திருப்பி அனுப்பாத, எதையாவது போட்டு அனுப்பு, அதுதான் மொறை. நெல்சன் மாமாவுக்கு போன் பண்ண மறக்காத, சாயங்காலமா பண்ணு, காலையில அவரு உள்ள இருப்பாரு. வேளாங்கண்ணி மாதா உன்னையும் உன் வூட்டையும் தன் சேலைக்குள்ள வெச்சுக் காப்பாத்தணும், உன் கையால தொடற நோயாளியெல்லாம் எழுந்து நடக்கணும், என் ஆசீர் எப்பவும் உன் தல மேல இருக்கும்.

இன்னைக்குக் காலையில பால் வாங்கப் போறப்போ கம்பெனி கேட்டு வழியா எட்டிப் பாத்தேன். மேஜையும் கம்ப்யூட்டரும் பழைய மூலையிலயேதான் இருக்கு. அந்தப் பொண்ணு நாற்காலி மட்டும் வாசப்படியில கெடக்குது, பாதி உள்ள, பாதி வெளிய.

உன் அம்மா,
ஐரீன் வால்டர்